மேனுவலைப் பார்!

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எப்போது சாப்பாடு என்று கடைசி வரிசையில் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் அந்தக் கடைசி வரிசைக்காரன்தான். அதனால் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன்.

எனக்கு வேலை ஒரகடத்தில். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் என்றாலே கார், பைக், செல்போன்தான் ஞாபகத்துக்கு வரும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் திறந்த செல்போன் ஆலை 2014-ல் மூடப்பட்டது. இன்று இணையத்தைச் சுமக்கும் சாதனங்களும் நம் பக்கம் தயாராகின்றன. 2024 செப்டம்பரில் சிஸ்கோ, ஃபிளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டில் ஓர் ஆலையைத் தொடங்கியதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நான் இருப்பது இவை எதிலும் இல்லை, பெயர் வேண்டாம். நெட்வொர்க் போர்டுகளைப் பரிசோதிக்கும் பிரிவு என்னுடையது.

புதுப் பாலம் கட்டினால் லாரிகளை ஓட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? அதுபோல ஒவ்வொரு போர்டு வழியாகவும் தகவல் போக்குவரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஐபெர்ஃப்3 என்ற திறந்த மூல மென்பொருள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஈ.எஸ்.நெட் குழுவினர் புதிதாக எழுதி, 2014 ஜனவரியில் முதலில் வெளியிட்டார்கள். காசு கிடையாது. இரண்டு கணினிகளுக்கு நடுவில் போர்டை வைத்து ஒரு கட்டளை கொடுத்தால், பத்து விநாடியில் வேகத்தைச் சொல்லிவிடும்.

ஒரு வாரம், வாடிக்கையாளர் டிசிபி பரிசோதனையோடு யுடிபி பரிசோதனையும் வேண்டும் என்றார். நான் அவசரமாக ஒரு தாளில் கட்டளையை எழுதி மேஜையில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு ஷிப்டில் டிப்ளமோ முடித்த ஒரு பெண். ஒப்பந்த ஊழியர். பதினோரு மணிக்குப் போன் செய்தார். "சார், டிசிபி 940 மெகாபிட் வருது. யுடிபி 1.05 மெகாபிட்தான் வருது. எல்லா போர்டுமே இப்படித்தான் இருக்கு சார்."

நான் தூக்கத்தில் சொன்னேன்: "மேனுவலைப் பாரும்மா." போனை வைத்துவிட்டேன்.

காலையில் போனால், ஒரு ரேக் முழுக்கச் சிவப்புச் சீட்டு ஒட்டிய போர்டுகள். சூப்பர்வைசர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை லைனிலிருந்தே தூக்கிவிட வேண்டும் என்பது அவர் முடிவு.

போர்டுகளில் ஒரு குறையும் இல்லை. ஐபெர்ஃப்3-ல் யுடிபிக்கு வேகம் குறிப்பிடாவிட்டால், அது தானாக நொடிக்கு ஒரு மெகாபிட் மட்டும்தான் அனுப்பும். டிசிபிக்கு அந்த வரம்பு கிடையாது. 'மைனஸ் பி' என்று போட்டு 900 மெகாபிட் கேட்டிருந்தால் அனுப்பியிருக்கும். என் தாளில் அந்த 'மைனஸ் பி' இல்லை. பாலத்தில் ஒரே ஒரு சைக்கிளை விட்டுவிட்டு, பாலம் தாங்கவில்லை என்று சொன்ன கதைதான். இழந்த பாக்கெட் பூஜ்யம் என்று அதே திரையில் இருந்தது. அதைப் பார் என்று சொல்லித் தரவும் ஆளில்லை.

"மேனுவலைப் பார்க்கலையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் தன் நோட்டைக் காட்டினார். பார்த்திருக்கிறார். கையால் எழுதியே வைத்திருக்கிறார். "சார், 'மைனஸ் யு' இருக்கிற இடத்துல, டிசிபிக்குப் பதிலா யுடிபின்னு மட்டும்தான் போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்லையே சார்?"

உண்மை. அந்த ஒரு மெகாபிட் விஷயம் மேனுவலில் இருக்கிறது. ஆனால் அது 'மைனஸ் பி' என்ற இடத்தில் இருக்கிறது. 'மைனஸ் பி' என்று ஒன்று வேண்டும் என்பதே தெரியாதவர் அங்கே எதற்குப் போவார்? தெரிந்தவருக்கு அது சரியான இடம். தேடுகிறவருக்கு அது வேறு ஊர்.

சூப்பர்வைசரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் எழுதினோம். யுடிபி என்றால் வேகத்தையும் சேர்த்துக் கொடு. ஒரு சர்வர் ஒரு நேரத்தில் ஒரு பரிசோதனையைத்தான் செய்யும். இரண்டாவது மேஜைக்கு 'பிஸி' என்று வந்தால் பயப்படாதே, வேறு போர்ட் எண்ணில் இன்னொரு சர்வரை ஓட்டு. சாதாரணமாகக் கிளையன்ட்தான் அனுப்பும். எதிர்த்திசையில் பார்க்க 'மைனஸ் பெரிய ஆர்' போடு. எந்த வரியை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது நான் அல்ல, அவர். எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது விழுந்தவருக்குத்தானே தெரியும்?

மாணவர்களே, திறந்த மூலம் என்றால் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஐபெர்ஃப்3-ன் மேனுவலும் மூலநிரலோடு சேர்ந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அதைப் பராமரிப்பவர்கள் பொறுப்பு. ஒரு கருவியை முதல்முறை தொடும்போது எங்கே குழம்பினீர்களோ, அதை அன்றைக்கே குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் எல்லாம் தெரிந்துவிடும். குழம்பிய இடம் மறந்துபோகும். எனக்கு மறந்துபோனது போல.

'மைனஸ் யு' என்ற இடத்தில் சேர்க்க ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். என் இங்கிலீஷைப் பார்த்து யாராவது சிரிப்பார்களோ என்று மூன்று மாதமாக அனுப்பவில்லை. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இனி அனுப்பித்தான் ஆக வேண்டும். அடுத்த ஆண்டு கூட்டத்தில் என்னைக் கேளுங்கள்.

ஜூனியர் யாராவது ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தால், மேனுவலைப் பார் என்று சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை பாருங்கள்.