எழுத்தெண்ணிப் பக்கம் அளப்போம்

(தமிழாசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அச்சிட்ட பக்கமொன்றில் எத்துணைச் சொற்கள் அடங்கும் என்று நூலெழுதப் புகுவோர் வினவுகின்றனர். மதிப்பிடும் வழி எளிது. நிறைவரிகள் பத்திலுள்ள சொற்களை எண்ணிப் பத்தால் வகுத்து, பக்கத்தின் வரித்தொகையால் பெருக்குக. வரிக்கு 6 சொல், பக்கத்திற்கு 30 வரி எனின் 180. பத்தியிறுதிகளில் பாதியே நிரம்பிய வரிகள் நான்கிருப்பின், இரண்டு வரி கழிக்க, 168 எஞ்சும். இயலின் முதற்பக்கத்தை இதற்குக் கொள்ளலாகாது.

இவ்வளவோடு நின்றால் இழப்பு நமக்கே. இடைவெளிக்கு இடைவெளி ஒரு சொல் என்பது ஆங்கிலத்திற்குப் பொருந்தும் அளவை. நம் 'வீட்டிலிருந்து' அவர்க்கு மூன்று சொல், 'வரமாட்டேன்' நான்கு. வேற்றுமையுருபும் இடமும் எதிர்மறையும் சொல்லுள்ளேயே செறிந்து நிற்கும் மொழி நம்முடையது. '1,000 சொற்களில் கட்டுரை வரைக' என இரு மொழிக்கும் ஒரே அளவை வரையறுத்தால், தமிழில் எழுதுவோன் மிகுதியாக உழைக்க வேண்டும். ஆங்கிலத்தினின்று மொழிபெயர்ப்போனுக்குத் தமிழ்ச்சொல்லை எண்ணிக் கொடுத்தாலோ, அவன் கூலியில் மண்!

அதனினும் தீயது ஒன்றுண்டு. 'வந்துகொண்டிருக்கின்றான்' எனச் சேர்த்தெழுதினால் ஒன்று. 'வந்து கொண்டு இருக்கின்றான்' எனப் பிரித்தால் மூன்று. புணர்ச்சியறிந்து எழுதியவன் குறைவாக எழுதியவனாகின்றான். அறியாது சிதைத்தவன் நிறைவாக எழுதியவனாகின்றான்! மாணாக்கர் கட்டுரை திருத்தும் நமக்கு இது புதிதன்று.

நம் முன்னோர் எழுத்தை எண்ணினர். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17, ஒற்று நீக்கி. உரைநடைக்கும் அத்தகைய அளவை இருந்தது. திருவாய்மொழிக்குப் பிள்ளான் வரைந்த உரைக்கு 'ஆறாயிரப்படி' என்னும் பெயரே அதன் அளவு. ஒற்று நீக்கி 32 எழுத்துக் கொண்டது ஒரு படி; 6,000 படிக்கு 1,92,000 எழுத்து. அவ்வுரையின் மணிப்பிரவாளக் கலப்புநடை நமக்கு உடன்பாடன்று. அளந்த முறை நன்று.

எண்ணும் வேலையைக் கணிப்பொறியிடம் அப்படியே விடலாகாது. ஒருங்குறியில் 'க' ஒன்று, 'க்' இரண்டு! புள்ளியைத் தனிக்குறியாகக் கொள்வதால் நேர்ந்த கூத்து இது. ஒரு மாத்திரை எழுத்தைவிட அரை மாத்திரை எழுத்து பெரிதாகிவிட்டது. உயிர்மெய்யின் துணைக்குறிகளையும் அது தனித்தனியே எண்ணும். துணைக்குறிகளையும் ஒற்றுகளையும் தள்ளி எண்ணுமாறு நிரல் எழுதுதல் நம் இளையோர்க்கு அரிய செயலன்று.

இனிக் கட்டுரைப்போட்டி அறிவிக்கும் தமிழ்மன்றங்கள் சொற்கணக்கை விடுத்து, 'ஒற்று நீக்கி 5,000 எழுத்து' என்று அறிவிக்குமாறு வேண்டுகின்றேன்.