முதல் செமஸ்டரிலேயே விழித்துக் கொள்ளுங்கள்!

(சட்டக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்துள்ள மாணவ, மாணவியருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நடந்த வழிகாட்டுக் கூட்டத்தில் மூத்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை.)

   

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நல்ல மதிப்பெண் எடுப்பது எப்படி என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் முதலாண்டில் ஒப்பந்தச் சட்டத் தாளில் தோற்றவன். 32 மதிப்பெண். மூன்று மணி நேரமும் கை ஓயாமல் எழுதினேன். கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினேன். வெளியே வந்து நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னேன். முடிவு வந்தபோது வாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை நான்.

விரிவுரையாளர் ஒருவரிடம் போய், “ஐயா, இவ்வளவு எழுதியும் ஏன் தோற்றேன்?” என்று கேட்டேன். நான் எழுதியதை வாயால் சொல்லச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, நீ கதை எழுதியிருக்கிறாய். சட்டம் எழுதவில்லை” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் திருத்தியது. அதைத்தான் இன்று உங்களுக்கு விரித்துச் சொல்லப் போகிறேன்.

மதிப்பெண் எதற்கு?

“வக்கீலுக்கு மார்க் எதற்கு? வாய் இருந்தால் போதாதா?” என்று நம் கடைத்தெருவில் கேட்கிறார்கள். போதாது. நல்ல சீனியரிடம் ஜூனியராகச் சேர, மேற்படிப்புக்கு இடம் வாங்க, கம்பெனிகளின் சட்டப் பிரிவில் வேலை தேட, எல்லா இடத்திலும் முதலில் கேட்பது மதிப்பெண் பட்டியலைத்தான். சிபாரிசு செய்ய ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தாள்தான் சிபாரிசு.

நீதியரசர் ஃபாத்திமா பீவி அவர்களை நினைத்துப் பாருங்கள். கேரளத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்தவர். 1950-இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வாங்கினார். பெண்கள் கோர்ட்டு வாசலுக்கு வருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்தார். 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தார். நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். இவர்கள் நம்மைப் போன்ற ஊர்களில் இருந்து போனவர்கள்தான். படிப்பைப் படிப்பாக எடுத்துக் கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே கேள்வி, மூன்று விடைகள்

சரி, ‘கதை எழுதுவது’ என்றால் என்ன, ‘சட்டம் எழுதுவது’ என்றால் என்ன? கடைக்காரர்களுக்கும் புரியும்படி ஓர் உதாரணம் சொல்கிறேன்.

தேர்வில் இப்படிக் கேட்கிறார்கள்: 17 வயதுப் பையன் ஒருவன் ஒரு வியாபாரியிடம் விலை உயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றைக் கடனில் வாங்குகிறான். இன்னொரு கடையில் வீட்டுக்கு அரிசியும் தனக்குப் பள்ளிச் சீருடையும் கடனில் வாங்குகிறான். பணம் தரவில்லை. இரு வியாபாரிகளும் வழக்குப் போடுகிறார்கள். தீர்ப்பு என்ன?

முதல் மாணவன் ஒப்பந்தம் என்றால் என்ன என்று ஆரம்பித்து, அதன் வகைகளை எல்லாம் நான்கு பக்கம் ஒப்பிக்கிறான். பையனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இரண்டாம் மாணவன் “பையன் மைனர், ஆகவே ஒப்பந்தம் செல்லாது” என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறான். பாதி சரி, ஆனால் ஏன் என்று சொல்லவில்லை.

மூன்றாம் மாணவன் நான்கு படியாக எழுதுகிறான். முதற்படி, பிரச்சினை: மைனர் செய்த ஒப்பந்தத்தின் பேரில் அவனிடம் பணம் கேட்க முடியுமா? இரண்டாம் படி, சட்டம்: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவுப்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903-இல் பிரிவி கவுன்சில், மைனரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று தீர்த்தது. ஆனால் 68-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. மைனரின் வாழ்க்கை நிலைக்கு ஏற்ற அத்தியாவசியப் பொருளைக் கொடுத்தவர், அந்த மைனரின் சொத்திலிருந்து ஈடு பெறலாம். மூன்றாம் படி, பொருத்துவது: அரிசியும் சீருடையும் அத்தியாவசியம். விலை உயர்ந்த கடிகாரம் இவன் நிலைக்கு அத்தியாவசியமா? நான்காம் படி, முடிவு: இரண்டாம் வியாபாரி பையனின் சொத்திலிருந்து பெறலாம்; சொத்து இல்லையென்றால் அவனைத் தனிப்பட்ட முறையில் பிடிக்க முடியாது. முதல் வியாபாரிக்கு 68-ஆம் பிரிவு உதவாது.

இந்த விடை ஒன்றரைப் பக்கம்தான். ஆனால் மதிப்பெண் இதற்குத்தான். பிரச்சினை, சட்டம், பொருத்துவது, முடிவு. இந்த நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது படியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சட்டத்தையும் எழுதுவார்கள், முடிவையும் எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் இருக்காது.

வழக்கைப் படிப்பது எப்படி?

வழக்கின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடந்தது என்ன? நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன? தீர்ப்பு என்ன? காரணம் என்ன? இந்த நான்கையும் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். தீர்ப்புக்கு அடிப்படையான காரணம்தான் பிற்கால நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்து கட்டுப்படுத்தாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக் கொண்டால் பாதி சட்டம் கைக்கு வந்துவிடும்.

ஓர் உதாரணம். சம்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை மாகாணத்தில் கம்யூனல் ஜி.ஓ. என்ற அரசாணை இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்தையும் வகுப்புவாரியாகப் பிரித்தார்கள். அதில் முஸ்லிம்களுக்கு ஓர் இடம். 1951-இல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 29(2) பிரிவைக் காட்டி அந்த ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் முதலாவது திருத்தம் கொண்டுவந்து 15(4) பிரிவைச் சேர்த்தது. பின்தங்கிய வகுப்பாருக்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்ய அந்தப் பிரிவு வழி திறந்தது.

தமிழகத்தில் 2007-இல் வந்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டில் இடம் பெற்ற பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். உங்கள் நாற்காலியின் சரித்திரம் இந்த வழக்கில் இருக்கிறது. இப்படி உறவு தெரிந்து படித்தால் வழக்கு மறக்குமா? இரவெல்லாம் உருப்போட வேண்டிய தேவை வருமா?

கைடை நம்பாதீர்கள்

கல்லூரி வாசலில் கைடு கிடைக்கும். சீனியர் அண்ணன் ஜெராக்ஸ் நோட்ஸ் தருவார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் மூலச் சட்டத்தை வாங்குங்கள். ‘பேர் ஆக்ட்’ என்பார்கள். மெலிந்த புத்தகம், விலையும் அதிகமில்லை. பிரிவின் வாசகத்தை அதிலேயே படியுங்கள். ‘மற்றும்’ என்று இருக்கிறதா, ‘அல்லது’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லில் ஆயிரம் வழக்குகள் தோற்றிருக்கின்றன.

பழைய கைடில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358 பிரிவுகள். கொலைக்குத் தண்டனை சொன்ன 302 இப்போது 103. கடைத்தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த 420 இப்போது 318(4). குற்ற விசாரணை முறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறிவிட்டன. அண்ணன் கொடுத்த நோட்ஸை அப்படியே எழுதினால் மதிப்பெண் அங்கேயே போயிற்று. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டுக் கொள்ளுங்கள்.

கைப்பேசியில் கேட்டால் நொடியில் விடை வருகிறதே என்பீர்கள். வரும். இல்லாத வழக்கையும் இருப்பதாகச் சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் அப்படி வந்த பொய் வழக்குகளை மனுவில் எழுதிக் கொடுத்த வழக்கறிஞர்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். சரக்கை எடை போடாமல் கொள்முதல் செய்கிற வியாபாரி உண்டா? படிப்பிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

ஆங்கிலம் என்ற அச்சம்

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் வகுப்பில் கடைசி பெஞ்சைத் தேடுகிறார்கள். நானும் தேடியவன்தான். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் நடக்கிறது. ஆனால் அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில். தீர்ப்புகளும் ஆங்கிலத்தில். ஆகவே ஓடிப் பயனில்லை.

தினம் ஐந்து சட்டச் சொற்கள் எழுதுங்கள். சாதாரணப் பொருள் ஒரு பக்கம், சட்டப் பொருள் மறு பக்கம். ‘கன்சிடரேஷன்’ என்றால் வெளியே பரிவு, யோசனை என்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தில் அது பிரதிபயன். நான் தருவதற்கு நீ தருவது. உங்கள் வாப்பாவின் கல்லாவில் தினமும் நடப்பதுதான் அது. ஒரு வருடத்தில் ஆயிரத்து எண்ணூறு சொற்கள் சேரும். பிறகு கடைசி பெஞ்சு எதற்கு?

நேரமும் வருகையும்

தேர்வறையில் முதல் பத்து நிமிடம் பேனாவைத் திறக்காதீர்கள். கேள்வித்தாளை முழுதும் படியுங்கள். மீதி நேரத்தை மதிப்பெண்ணுக்குத் தக்கபடி பங்கு போடுங்கள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, பதினைந்து மதிப்பெண் கேள்வியைத் தொடாமல் வருகிறவன் கணக்குத் தெரியாதவன். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்கள். நான்கைந்து பேர் கூடி ஒருவர் விடையை ஒருவர் திருத்துங்கள். பிறர் விடையில் குறை காணும்போதுதான் நம் குறை நமக்குத் தெரியும்.

மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றத்தை விட்டுவிடாதீர்கள். இன்டர்னல் மதிப்பெண்ணை ஏளனமாக நினைக்காதீர்கள். அது பானையில் சிறுகச் சிறுகச் சேரும் அரிசி. ஒரு தாள் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரின் தோளில் ஏறிக் கொள்ளும். கடனுக்கு வட்டி போல அது வளரும்.

இனி பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நோன்புப் பெருநாள் வியாபாரம், தீபாவளி வியாபாரம் என்று பிள்ளையை வாரக்கணக்கில் கல்லாவில் உட்கார வைக்கிறீர்கள். பார் கவுன்சில் 2008-இல் வகுத்த கல்வி விதிகள் 70 சதவீத வருகை கேட்கின்றன. உங்கள் கல்லூரியின் விதியை இன்றே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். ஒரு சீசனில் மிச்சப்படுத்தும் ஆள் கூலிக்காகப் பிள்ளையின் ஒரு வருடத்தை விற்றுவிடாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுத்தான். வீட்டில் விருந்தாளி வந்தால் முதலில் மூடப்படுவது அவள் புத்தகமாக இருக்கக் கூடாது.

எங்கள் வாப்பாவின் கடை

கடைசியாக ஒன்று. எங்கள் வாப்பா இருபது வருடம் நடத்திய கடை வாடகைக் கடை. ஒரு நாள் கட்டட உரிமையாளர் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வாடகைச் சீட்டு என்று நினைத்தார். கடையைக் காலி செய்ய ஒப்புக்கொண்ட பத்திரம் அது. தெருவில் முப்பது கடை இருந்தது. அந்தத் தாளைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. நான் சட்டக் கல்லூரிக்குப் போனதற்கு அதுதான் காரணம். முதல் வருடம் தோற்ற பிறகும் விடாமல் படித்ததற்கும் அதுதான் காரணம்.

நாளை உங்களிடம் ஒருவர் ஒரு தாளோடு வருவார். அதில் அவருடைய கடை இருக்கும், வீடு இருக்கும், மகனுடைய ஜாமீன் இருக்கும். அவர் எந்த மதத்தவராகவும் இருப்பார். உங்களை நம்பி வந்திருப்பார். அரைகுறையாகப் படித்த வக்கீலால் அவர் இழப்பதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. இன்று நீங்கள் எடுக்கும் மதிப்பெண் அவருக்குச் சேர வேண்டிய அமானிதம்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைத் திறந்து, மூன்று முறை படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அதை உங்கள் உம்மாவுக்குப் புரியும்படி தமிழில் சொல்லிப் பாருங்கள். உம்மாவுக்குப் புரிந்துவிட்டால் உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று பொருள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் உங்கள் மதிப்பெண் பட்டியலோடு சந்திப்போம்.