கீறலையும் சேர்த்துக் கணக்கிடுவோம்



ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றாலே அது துரையின் கார்தான். செம்மண் சாலையில் புழுதி எழும்பினால், பால் வாளியோடு நடந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்கள். கிராணியார் வீட்டுப் பழைய காரைத் துடைத்துக் கொடுப்பதையே நம் பிள்ளைகள் பெருமையாக நினைத்த நாளும் உண்டு. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதன் பிறகு சிறுகச் சிறுக லயத்து வாசலிலும் கார் நிற்கத் தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் பட்டணத்தில் வேலை செய்கிறார்கள். கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத இடங்களும் பல உண்டு.

அப்படி வேலைக்குப் போன ஒரு பிள்ளை, விடுமுறைக்கு வந்தவன் தந்தையிடம் சொல்கிறான்: "அப்பா, புதுசாகச் சின்னக் கார் வாங்குகிற விலைக்கே பத்து வருசப் பழைய மெர்சிடிஸ் கிடைக்கிறது. தங்கச்சி கல்யாணத்துக்கு அதிலேயே வந்து இறங்கலாம்." தந்தைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் பிள்ளையின் ஆசையைக் கெடுத்தது போலாகும். சரி என்றால் மனத்துக்குள் ஏதோ உறுத்துகிறது.

அந்த ஆசையை நாம் கேலி செய்யப் போவதில்லை. புழுதிக்கு ஒதுங்கி நின்றவர்களின் பேரன் நல்ல காரில் வந்து இறங்க வேண்டும் என்று நினைப்பதில் தவறு என்ன இருக்கிறது? ஆனால் வாங்குவதற்கு முன் அந்தத் தந்தையும் மகனும் உட்கார்ந்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் காரை நம்மால் வாங்க முடியுமா என்பது பாதிக் கேள்விதான். இந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தால் நம்மால் தாங்க முடியுமா என்பதே மீதிக் கேள்வி.

முதலில் சாலை வரியைப் பார்ப்போம். இயந்திரத்தின் கொள்ளளவு கூடக் கூட வரியும் ஏறுகிறது. தீபகற்ப மலேசியாவில் தனிப்பட்டவர் பெயரில் பதிவான சாதாரணக் காருக்கு, 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,500 சி.சி. காருக்கு 90 வெள்ளி. 2,000 சி.சி. ஆனால் 380 வெள்ளி. 2,500க்கு 880 வெள்ளி. 3,000 சி.சி. என்றால் 2,130 வெள்ளி. கார் பழையதாகி விலை பாதியாகக் குறைந்தாலும் இந்த வரி பாதியாகக் குறைவதில்லை. உதிரிப் பாகங்களின் கதையும் இதுதான். பழைய மெர்சிடிஸின் விலை சின்னக் காரின் விலைக்கு இறங்கி வரலாம். அதன் விளக்கும் பம்பரும் கியர்ப் பெட்டியும் மெர்சிடிஸ் விலையிலேயே நிற்கும்.

விற்பவர் பெயரிலிருந்து நம் பெயருக்கு மாற்றும்போது காருக்குப் பரிசோதனை உண்டு. அதையே நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இயந்திர எண், அடிச்சட்ட எண் சரியா, கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்றுதான் அங்கே முக்கியமாகப் பார்ப்பார்கள். கியர்ப் பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே சொல்ல மாட்டார்கள். ஆகையால், நமக்குத் தெரிந்த, அந்த வகைக் காரிலேயே கைபழகிய ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போய்க் காட்டிவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

தவணைக்கு வாங்குவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் கட்டவேண்டும். தொடர்ந்து இரண்டு தவணைகள் நிலுவையானால், கடன் கொடுத்தவர் முறைப்படி அறிவிப்பு அனுப்பி, 21 நாள் பொறுத்துக் காரை எடுத்துச் செல்லலாம். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் நாம் கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுத்துச் செல்ல முடியாது. கார் போவது எப்போதும் பெரிய விபத்தால் அல்ல. ஒரு மாதம் பட்டறைக்குக் கொடுத்த பணம், அடுத்த இரண்டு மாதத் தவணையை விழுங்கிவிடுவதாலும் போகிறது.

இனி அந்தக் கீறலுக்கு வருவோம். பட்டணத்துப் பேரங்காடியில் காரை நிறுத்திவிட்டு, சாமான்களோடு திரும்பி வருகிறோம். பின்பக்கப் பம்பரில் ஒரு நெளிவு, பக்கத்தில் நீளமாக ஒரு கோடு. இடித்தவரைக் காணோம். மனம் பதறும். பதற்றத்தில் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

காரை நகர்த்தாமல் படம் எடுக்க வேண்டும். அடிபட்ட இடத்தைக் கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று. பக்கத்துக் கார்களும் தூணில் எழுதிய எண்ணும் தெரியும்படி மற்றொன்று. கண்ணாடித் துடைப்பானில் யாரேனும் துண்டுக் கடிதம் செருகியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு காவலாளியை அழைத்துக் காட்டி, கண்காணிப்புக் கேமரா அங்கே உண்டா என்று கேட்க வேண்டும். கேமராப் பதிவுகள் வெகுநாள் இருப்பதில்லை. பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். ஆகவே அன்றைக்கே நிர்வாகத்திடம், இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மிடம் காட்ட மறுத்தாலும் போலீசார் கேட்டால் கொடுப்பார்கள். நிறுத்துமிடச் சீட்டை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்த வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். புகார் இல்லையென்றால் காப்புறுதி நிறுவனத்தின் கதவைத் தட்ட முடியாது.

புகார் செய்துவிட்டோம் என்பதற்காகக் காப்புறுதியில் இழப்பீடு கேட்டே ஆகவேண்டும் என்பதில்லை. இங்கேதான் பென்சிலும் தாளும் வேண்டும். இழப்பீடு கேட்காமல் ஓட்டிய ஆண்டுகளுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கிறது. என்.சி.டி. என்று முகவர்கள் சொல்வது இதைத்தான். தனியார் காருக்கு முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55 விழுக்காட்டில் நிற்கும். நம் தவறுக்காகவோ, இடித்தவர் யாரென்று தெரியாமலோ நம் காப்புறுதியிலேயே இழப்பீடு கேட்டால் அது மறுபடி சூன்யத்துக்கு இறங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தள்ளுபடிக்கு முன் கட்டணம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிந்து நாம் கட்டுவது 900 வெள்ளி. 600 வெள்ளி செலவாகும் ஒரு கீறலுக்கு இழப்பீடு கேட்கிறோம். கட்டணம் மாறாமல் இருந்தால், அடுத்த ஆண்டு முழு 2,000 வெள்ளி கட்ட வேண்டும். அதற்கடுத்து 1,500, பிறகு 1,400, 1,233, 1,100. ஐந்து ஆண்டுகளில் நாம் கூடுதலாகக் கட்டியது ஏறத்தாழ 2,733 வெள்ளி! 600 வெள்ளி வாங்கப் போய் 2,733 வெள்ளி கொடுத்துவிட்டு வருகிறோம். சின்னக் கீறலைக் கைப்பணத்தில் சரி செய்துகொள்வதே இலாபம் என்பது இதனால்தான்.

இடித்த வண்டியின் எண் தெரிந்து, தவறு அவர் மேல் என்றால் கணக்கு வேறு. நம்மிடம் முழுக் காப்புறுதி இருந்தால், நம் நிறுவனத்திடமே கேட்டு, தள்ளுபடியை இழக்காமல் காரைச் சரி செய்துகொள்ளும் ஏற்பாடு தனியார் கார்களுக்கு உண்டு. அந்த ஒரு எண்ணுக்காகத்தான் கேமராவைத் தேடச் சொன்னோம்.

இப்போது அந்தப் பழைய மெர்சிடிஸை இதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இந்நாளைய சொகுசுக் கார்களின் பம்பருக்குள் உணரும் கருவிகளும் கேமராவும் இருக்கின்றன. முன்விளக்கு உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாமல், பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்ற நேரிடும். முத்து மின்னும் சாயத்தை ஓரிடத்தில் மட்டும் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். பக்கத்துக் கதவுக்கும் சேர்த்துப் பூச வேண்டியிருக்கும். அதோடு, ஐந்து வயதைத் தாண்டிய காருக்குப் புதிய பாகம் போட்டால், பழையதற்குப் பதில் புதியது கிடைத்த அனுகூலத்துக்காக ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும். வழக்கமான அட்டவணைப்படி ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காடு. பத்து வயதும் அதற்கு மேலும் ஆனால் 40 விழுக்காடு. 5,000 வெள்ளிப் பாகத்தில் 2,000 வெள்ளி நம் பையிலிருந்து போகும். இதை விலக்கிக்கொள்ளத் தனிக் கட்டணத்தில் கூடுதல் காப்பு கிடைக்கிறது. கிடைக்குமா என்று வாங்கும் முன்பே முகவரைக் கேட்டுவிட வேண்டும்.

கார் ஒருவர் பெயரில், ஓட்டுவது வீட்டில் நால்வர் என்பது நம் குடும்பங்களில் வழக்கம். காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் இல்லாதவரோ, 21 வயது ஆகாதவரோ, புதிதாக உரிமம் எடுத்தவரோ ஓட்டிச் சேதமானால், இழப்பீட்டில் முதல் 400 வெள்ளியை வழக்கமாக நாமே ஏற்க வேண்டும். தம்பியும் மச்சானும் ஓட்டுவார்கள் என்றால் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவு நேரம் நம் காரில் விழுந்த கீறலைப் பேசினோம். நாம் பிறர் காரில் போட்ட கீறலையும் பேசியாக வேண்டும். நம்மில் பலர் இன்றும் மோட்டார் சைக்கிளில்தான் பட்டணம் போகிறோம். நெருக்கமான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது கைப்பிடி ஒரு பெரிய காரில் உரசிவிடுகிறது. காரைப் பார்த்ததும் கைகால் நடுங்குகிறது. ஓடிவிடலாமா என்று தோன்றும்.

ஓடக் கூடாது. பிறர் உடைமைக்குச் சேதம் விளைவித்த ஓட்டுநர் நிற்க வேண்டும், தம் விவரத்தைக் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்லும் கடமை. உரிமையாளர் இல்லையென்றால் பெயர், தொலைபேசி எண், வண்டி எண் ஆகியவற்றை எழுதிக் கண்ணாடியில் செருகி வையுங்கள். நம் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை மறக்க வேண்டாம்.

நிற்பது வேறு, அஞ்சிப் பணிவது வேறு. உரிமையாளர் கோபமாகப் பேசினால் மரியாதையாக வருத்தம் தெரிவிக்கலாம். ஆனால் அவர் சொல்லும் தொகையைக் கட்டுவதாக அங்கேயே எழுதிக் கொடுக்கக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. அடையாள அட்டையைப் பிணையாகக் கொடுக்கவும் கூடாது. நம் மோட்டார் சைக்கிளுக்கும் காப்புறுதி இருக்கிறது. மூன்றாம் தரப்பினரின் உடைமைச் சேதத்தை அது ஏற்குமா என்று பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். ஆள் காயத்தை மட்டும் ஏற்கும் பத்திரங்களும் உண்டு. உடைமைச் சேதத்தை ஏற்கும் பத்திரம் காலாவதியாகாமல் இருந்தால், பேச வேண்டியது காப்புறுதி நிறுவனம். சில்லறைக் கீறலைப் பேசித் தீர்த்துக்கொள்வதானால், தொகை, தேதி, வண்டி எண்கள், இத்துடன் விவகாரம் முடிந்தது என்ற வாசகம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, அந்தத் தந்தையிடமும் மகனிடமும் திரும்பிப் போவோம். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, தாளில் தவணை, சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல் என்று எழுதுகிறார்கள். கடைசியில் இன்னொரு வரி எழுத வேண்டும்: "பழுதுக்கும் கீறலுக்கும் ஒதுக்கிய பணம்." அந்த வரிக்கு எதிரே எழுத மாதந்தோறும் ஒரு தொகை மிஞ்சுமானால், மகன் தாராளமாக அந்தக் காரை வாங்கட்டும், தங்கை கல்யாணத்துக்குத் தலைநிமிர்ந்து வந்து இறங்கட்டும். மிஞ்சவில்லையானால் சின்னக் காரே போதும். கல்யாணத்துக்கு ஒரு நாள் பெரிய கார் வேண்டுமென்றால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம். தவணையை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அந்தத் தாளை நம் வீட்டிலும் எடுத்துக்கொள்வோம். கணக்குப் போடப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டி உட்கார வைத்துக்கொள்வோம்.