காலை உணவும் நீரிழிவும்

(இளைஞர் மன்ற ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமய மன்றத்து மேடையிலே சமயம் பேசாது சாப்பாடு பேசுவதா என்று சிலர் வினவக்கூடும். உடம்பைப் பேணுவதும் வழிபாட்டின் ஓர் அங்கம் என்றே எமது முன்னோர் கொண்டனர். திருவள்ளுவரும் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்துவிட்டு, அதிலே எந்தவொரு மருந்தின் பெயரையும் கூறாது, உண்ணும் அளவையும் பசியறிந்து உண்ணுதலையும் பற்றியே பெரிதும் பேசுகின்றார். ஆதலின் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இம்மேடைக்குப் புறம்பானதன்று.

நீரிழிவு என்று நூல்கள் கூறுவதை எங்கள் பாட்டன்மார் சலரோகம் என்பர். பணக்காரர் நோய், பட்டினத்தார் நோய் என்று அதனை ஒதுக்கிய காலமும் உண்டு. 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வில், வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்குத் தம்மிடம் நோய் இருப்பதே தெரியாது. வடக்கும் எங்கள் கிழக்கும் அந்தக் கணக்கிலே சேரவில்லை. பின்னர் 2018, 2019இல் நடந்த ஆய்வு நூற்றுக்கு 23 பேர் என்று சொல்லிற்று. ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர். இந்த மண்டபத்துக் கதிரைகளை நாலு நாலாக எண்ணிப் பாருங்கள், விடயம் விளங்கும்.

ஒரு நாளில் மூன்று வேளை உண்கிறோம். அவற்றுட் காலை உணவை மட்டும் எடுத்துப் பேசுவானேன்? காரணம் உண்டு. விடியற்காலையிலே உடம்பைத் துயிலெழுப்பும் சுரப்புகள், ஈரலிலிருந்து சீனியை இரத்தத்தில் விடச் செய்கின்றன. இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. எனவே நோயாளர் பலருக்கு ஒரு வாய் உண்ணுமுன்னரே சீனி உயர்ந்து நிற்கின்றது. அந்த நேரம் பார்த்து நாம் எதை வயிற்றில் இடுகிறோம்? எழுந்தவுடன் சீனி கரைத்த தேநீர். வாசலிலே பாட்டிசைத்து வரும் முச்சக்கர வண்டியில் பாணும் பணிசும். இல்லையேல் பத்துப் பன்னிரண்டு இடியப்பமும் சொதியும். ஏறுகின்ற வெள்ளத்துக்கு மதகையும் திறந்துவிட்டது போலாகின்றது.

பாண் எங்கள் முன்னோரின் உணவன்று. இன்றோ திருகோணமலைத் துறையிலேயே பெரிய கோதுமை மா ஆலை நிற்கின்றது. மலிவும் வசதியும் பாணை எல்லார் வீட்டுக்கும் கொண்டுவந்தன. அதிகாலையில் வேலைக்குப் போகும் குடும்பத்தில் பாணை வாங்கும் தாயைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதன் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். தானியத்தை எவ்வளவு நுண்ணியதாக அரைக்கிறோமோ, அவ்வளவு விரைவில் அது சீனியாகி இரத்தத்திற் சேர்கின்றது. தவிடும் நாரும் இருந்தால் மெல்லச் சேரும்.

இந்த விரைவை அளக்கும் கிளைசெமிக் சுட்டெண் என்னும் முறையை 1981இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் டேவிட் ஜென்கின்ஸ் என்பாரும் அவரது குழுவினரும் வெளியிட்டனர். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1921இல், இன்சுலின் கண்டறியப்பட்டதும் அதே நகரிலேதான். எமது நாட்டிலும் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் எங்கள் அடுப்படி உணவுகளையே இவ்வாறு அளந்து 2009இல் வெளியிட்டனர். அதில் ஒரு செய்தி எங்களை வியக்க வைக்கின்றது. குரக்கன் றொட்டிக்கும் கோதுமை றொட்டிக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அவித்த கடலையோ அவையிரண்டினும் மிகக் கீழே நின்றது.

இதன் பொருள் குரக்கன் கூடாது என்பதன்று. அதில் நாரும் சத்தும் உண்டு. "குரக்கன்தானே" என்று சொல்லி ஐந்து றொட்டி உண்பதுதான் கூடாது. நோய்க்கு மாற்றாக ஒரு மாய உணவைத் தேடுகிறோம், அப்படியொன்று இல்லை. எவ்வளவு உண்கிறோம், எதனோடு சேர்த்து உண்கிறோம், எதனை முதலில் உண்கிறோம் என்ற மூன்றுமே காலை உணவின் தன்மையை நிர்ணயிக்கின்றன.

முதலாவது, அளவு. கோப்பையை மனத்தால் நாலாகப் பிரியுங்கள். ஒரு பங்கு பிட்டோ இடியப்பமோ சோறோ. ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு, கடலை ஆகியவற்றுள் ஒன்று. மிகுதி இரு பங்கும் கீரை, மரக்கறி. பத்து இடியப்பம் உண்டவர் நாலைந்துக்கு இறங்கினால், அந்த வெற்றிடத்தை முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் நிரப்பட்டும்.

இரண்டாவது, துணை. சென்னையில் உடல் நிறை கூடியவர்களிடத்துச் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்விலே, வெள்ளையரிசிக்குப் பதிலாகத் தவிட்டரிசி உண்டபோது இரத்தச் சீனியின் ஏற்றம் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு குறைந்தது. பருப்பினமும் சேர்த்தபோது 23 பங்கு குறைந்தது. சிவப்பரிசி மாப் பிட்டோடு அவித்த பயறும் மீன்கறியும் சேர்வது எங்களூர் வழக்கத்துக்கு அந்நியமானதா? கடலும் களப்பும் தரும் சூடையும் நெத்தலியும் எங்கள் கையருகே உள்ளன. எருமைத் தயிரும் உண்டு. அதன்மேல் பாணி ஊற்றாதவரை அது நல்ல துணையே. பிட்டுக்குச் சீனியும் வாழைப்பழமும் பிசைவதை மட்டும் விட்டுவிடுதல் நன்று.

மூன்றாவது, வரிசை. நியூயோர்க்கில் பதினொரு நோயாளருக்கு ஒரே உணவை இரு வரிசைகளிற் கொடுத்துப் பார்த்து 2015இல் எழுதினர். மரக்கறியையும் இறைச்சியையும் முதலில் உண்டு பாணைப் பின்னர் உண்டபோது, ஒரு மணித்தியாலத்தின் பின் சீனி நூற்றுக்கு 37 பங்கு குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான்; எனினும் செலவில்லாத பழக்கம்.

இவற்றை எவரும் எங்கள் சொல்லை நம்பி ஏற்கவேண்டியதில்லை. சீனி பார்க்கும் சிறு கருவி பல வீடுகளில் உண்டு. உண்ணுமுன் ஒரு தடவையும், இரண்டு மணித்தியாலத்தின் பின் ஒரு தடவையும் பாருங்கள். பொதுவாக நோயாளருக்கு வெறுவயிற்றில் 80 முதல் 130 வரையும், உண்டபின் 180க்குக் குறைவாகவும் இருத்தல் நன்று என்பர். முதியோர்க்கும் கர்ப்பிணிகட்கும் வைத்தியர் வேறு அளவு சொல்வார். ஒருநாள் வெறும் இடியப்பம், மறுநாள் கடலையோடு குறைந்த இடியப்பம் என்று உண்டு பார்த்தால் உங்கள் உடம்பே உண்மையைச் சொல்லும்.

இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது. பெரியோர்கள் கவனிக்க வேண்டும். சீனியைக் குறைக்கிறோம் என்று காலை உணவையே விடுவது சிலருக்கு ஆபத்து. கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசைகளோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர் உண்ணாதிருந்தால், சீனி திடீரென இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும், மயக்கம் வரும். இருட்டோடு வள்ளத்தில் ஏறும் சகோதரனுக்கு நடுக்கடலில் இது நேர்ந்தால் என்னாவது? அப்படிப்பட்டவர் வள்ளத்தில் உணவோடு குளுக்கோசோ சீனியோ வைத்திருத்தல் அவசியம். அறிகுறி கண்டவுடன் மூன்று நாலு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் குடித்து, பின்னர் ஆகாரமும் உண்ணவேண்டும். கந்தசஷ்டிக்கும் கேதாரகௌரி விரதத்துக்கும் உபவாசம் இருக்கும் தாய்மார், முன்னரே வைத்தியரைக் கேட்டு மருந்தின் அளவை ஒழுங்குசெய்யுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்துவதும், உண்ணாமல் மருந்தை மட்டும் விழுங்குவதும் இரண்டுமே தவறு. பாலும் பழமும் உண்டு நோற்பதை முருகப்பெருமான் குறையாகக் கொள்ளமாட்டான்.

இறுதியாக ஒன்று. வீட்டிலே அப்பாவுக்கு மட்டும் வேறு சாப்பாடு என்று ஒரு மூலையிற் கோப்பையை வைத்தால், அவர் அதனைத் தண்டனையாகவே எண்ணுவார். நாலு நாள் உண்டுவிட்டு ஐந்தாம் நாள் கடைக்குப் போய்விடுவார். நோயாளிக்கு நல்லதாகிய காலை உணவு எல்லார்க்கும் நல்லதே. வீடு முழுவதும் அதனை உண்ணட்டும். பிள்ளைகளுக்கும் அது காப்பாகும்.

வீட்டுக்குச் சொன்னது மன்றத்துக்கும் பொருந்தும். சிரமதானம் என்றால் பணிசு, அறநெறி வகுப்பு என்றால் சீனித் தேநீர் என்பது வழக்கமாகிவிட்டது. இனி அவித்த கடலையும் பயறும் தேங்காய்ச் சொட்டும் கொடுப்போம். தேநீரைச் சீனியின்றி ஊற்றி, சீனியைப் புறம்பாக வைப்போம். முப்பத்தைந்து வயது தாண்டிய பெரியோரை, அரசாங்கம் இலவசமாகச் சீனி பார்க்கும் சுகவாழ்வு நிலையங்களுக்கு மன்றத்து இளைஞர் கைபிடித்து அழைத்துச் செல்வோம். இதனை இந்த ஆண்டின் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு சபையோரை வேண்டி, எமது உரையை முடிக்கின்றோம்.