கூலிக்காரர்கள் சொன்ன சாட்சி

சாட்சி, தேவபயம் என்று தமிழ்ச் சங்க மேடையில் ஒருவன் ஆரம்பித்தால், இது என்ன ஜெபக்கூட்டமா என்று சிலருக்குத் தோன்றும். கவலை வேண்டாம், காணிக்கைத் தட்டு வராது. பிள்ளைகளிடம் தமிழ் தங்கவில்லையே என்று ஆண்டுதோறும் இதே மேடையில் புலம்புகிறோம். ஒரு விஷயம் தலைமுறைகளுக்குள் எப்படி இறங்குகிறது என்பதற்குத் திருநெல்வேலிக்காரர் ஒருவர் தெலுங்குச் சீமையில் செய்த வேலையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா; 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. சமைக்கும்போது சபைக்கென்று கைப்பிடி அரிசி எடுத்துவைத்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1909-இல் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார், தெலுங்கு படித்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த கூலிக்காரர்கள். எழுத்து தெரியாதவர்கள். சாட்சி சொல்வது போதகருடைய வேலை என்று அவர் விடவில்லை. ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தன் தலையில் கைவைத்து, நற்செய்தி சொல்வது தன் கடமை என்று உறுதி சொல்ல வேண்டும். வேதக் கதைகள் வாய்மொழியாகவும் பாட்டாகவும் வீடு வீடாகப் போயின. பலர் குடியை விட்டார்கள், சண்டை குறைந்தது, இல்லாத வீட்டிலிருந்தும் தானியக் காணிக்கை வந்தது. 1930-களில் சாதி இந்துக்கள் சிலரும் சபைக்கு வந்தபோது, தாங்கள் ஒதுக்கிவைத்தவர்களின் வாழ்க்கை கண்ணெதிரே மாறியதே அவர்களை இழுத்தது என்று அசரியா சுட்டிக்காட்டினார்.

இதற்கு மறுப்பு உண்டு. லேசான மறுப்பும் அல்ல. இப்படிக் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியே கடுமையாக எதிர்த்தார். பள்ளிக்கூடத்தையும், நிலக்காரரிடமிருந்து கொஞ்சம் பாதுகாப்பையும் எதிர்பார்த்து வந்தவர்கள் இருந்திருப்பார்கள்தான். அதில் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் வாங்கிக்கொள்ள மட்டும் வந்தவன் அறுவடையில் பங்கு கொண்டுவந்து வைக்க மாட்டான். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: சபைக்குள்ளும் சாதி போகவில்லை. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பக்தியில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனாலும் மிஷனெரிகள் சாதி வேறுபாட்டை நீக்க வந்தபோது எதிர்த்து எழுதினார். தேவபயம் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே அது அன்றாட நடத்தையைத் தொட்டதோ அங்கே ஊர் மாறியது. எங்கே ஆராதனையோடு நின்றதோ அங்கே பந்தியில் சாதிக்கொரு தனி வரிசை அப்படியே இருந்தது.

இப்போது பெற்றோர்களுக்கு, ஏனென்றால் மொழிக்கும் இதே கதைதான். தமிழை ஞாயிறு வகுப்பு வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வெளியே காப்பி குடிக்கிறோம். அசரியா ஊழியத்தை உபதேசியாரிடம் மட்டும் விட்டிருந்தால், தோர்ணக்கல்லில் ஒரு கட்டடம்தான் மிஞ்சியிருக்கும். எழுத்தறியாத கூலிக்காரர் தான் நம்பியதைத் தன் அடுப்படியில் தன் பேச்சில் சொன்னார், பிள்ளை கேட்டது. படித்த நம்மால் அது முடியாது என்றால் நம்புவதற்கில்லை. சற்று முன் இங்கே அழகாகப் பேசிய பிள்ளைகளை வீட்டுக்குப் போகிற வழியில் பாராட்டத்தான் போகிறீர்கள். எந்த மொழியில் என்று காரில் ஏறுவதற்குள் முடிவுசெய்துகொள்ளுங்கள்.