கேள்வி கேட்க முடியாத படை: 1914ஐ நோக்கி ஜெர்மனி நடந்த வழி

 

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை ஜெர்மனியின் எம்டன் கப்பல் சுட்டு எரித்த கதையை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அந்தக் கப்பலைக் கடலுக்கு அனுப்பிய அரசைப் பற்றி நாம் பேசியது குறைவு. அந்த அரசு எப்படி அமைந்திருந்தது, போரை ஏன் அதனால் தடுக்க முடியவில்லை என்பதே இக்கருத்தரங்கில் நம் பொருள்.

பேரரசர் இரண்டாம் வில்லியத்தின் வாய்ச்சவடால்தான் போரைக் கொண்டுவந்தது என்றும், ஜெர்மானியர் பிறவியிலேயே போர்க்குணம் கொண்டவர்கள் என்றும் நம் பாடநூல்களில் வளர்ந்த இரண்டு விடைகளும் எனக்கு நிறைவு தரவில்லை. 1912 தேர்தலில் அதே ஜெர்மானியர்கள், படைப்பெருக்கத்தை எதிர்த்துவந்த சமூக ஜனநாயகக் கட்சிக்கு 397 இடங்களில் 110ஐக் கொடுத்து அதைப் பெரிய கட்சியாக்கினார்கள். குறை மக்களிடம் இருந்ததாக நான் எண்ணவில்லை. அந்த மக்களின் வாக்கு எட்டாத இடத்தில் படை நிறுத்தப்பட்டிருந்தது.

1871இல் பிறந்த பேரரசில் ஆண்கள் அனைவருக்கும் நாடாளுமன்ற வாக்குரிமை உண்டு. ஆனால் தலைமை அமைச்சரான சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசரான கைசர். படைத்தலைமையும் கைசரிடமே. 1874 முதல் படைக்கான ஒதுக்கீடு ஏழு ஆண்டுகளுக்கு ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு வந்தது. 1883க்குப் பிறகு தலைமைப் படைப்பணியகத்தின் தலைவர் எந்த அமைச்சரையும் கேட்காமல் நேரே கைசரைச் சந்திக்கலாம். பிஸ்மார்க் சான்சலராக இருந்தவரை அவருடைய செல்வாக்கு இந்த ஓட்டையை மறைத்தது. 1890இல் அவர் விலக்கப்பட்டார். ருஷ்யாவோடு இருந்த உடன்படிக்கை புதுப்பிக்கப்படவில்லை. 1894இல் ருஷ்யா பிரான்சோடு சேர்ந்துகொண்டது. 1898, 1900 கடற்படைச் சட்டங்களால் கடற்படைச் செயலர் திர்பிட்ஸ் பிரிட்டனையும் பகைத்துக்கொண்டார். மொராக்கோ நெருக்கடிகள் உட்பட இவையெல்லாம் அவையறிந்த செய்திகள், நீட்டவில்லை.

நான் நின்று பார்க்க விரும்புவது வேறு இரண்டு இடங்களை.

முதலாவது, இன்றைய நமீபியா. 1904 ஜனவரியில் ஹெரேரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆளுநர் லாய்ட்வைன் பேச்சுவார்த்தைக்கு வழி வைத்திருந்தார். பெர்லின் அவரை ஒதுக்கிவிட்டு ஜெனரல் லோதர் ஃபான் ட்ரோதாவை அனுப்பியது. ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ ஆண்கள் சுடப்படுவார்கள் என்று அக்டோபர் 2 அன்று ட்ரோதா ஆணையிட்டார். பெண்களும் குழந்தைகளும் ஒமஹேகே பாலைக்கு விரட்டப்பட்டார்கள். சான்சலர் பூலோ கைசரிடம் வற்புறுத்தி அந்த ஆணையை மாற்றுவதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேர் தண்ணீரின்றி மாண்டுபோனார்கள். இந்தக் கொடுமையை ஐரோப்பியப் போரின் வரலாற்றில் அடிக்குறிப்பாக வைப்பது பெருந்தவறு. ஒரு தளபதியின் ஆணையை நிறுத்த ஒரு பேரரசின் முதல்வருக்கு வாரக்கணக்கில் ஆயிற்று என்ற உண்மை, பத்தாண்டுக்குப் பின் வரப்போவதை முன்கூட்டியே காட்டியது.

இரண்டாவது, அல்சாஸ் பகுதியில் ஸாபெர்ன் என்னும் சிற்றூர். 1913 இலையுதிர்காலத்தில் அங்கே ஓர் இளம் லெப்டினன்ட் ஊர்மக்களை இழிவாகப் பேசினான். மக்கள் தெருவில் திரண்டார்கள். நவம்பர் 28 அன்று கர்னல் ராய்ட்டர் படையை இறக்கி, கைக்குச் சிக்கியவர்களையெல்லாம் பிடித்துப் படைமுகாமின் நிலவறையில் இரவெல்லாம் அடைத்தார். நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தவர்களும் அதில் தப்பவில்லை. சில நாளில் அதே லெப்டினன்ட் கால் ஊனமுற்ற ஒரு செருப்புத் தொழிலாளியை வாளால் வெட்டினான். டிசம்பர் 4 அன்று நாடாளுமன்றம் 293க்கு 54 என்ற வாக்குக் கணக்கில் சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கைக் கண்டித்தது. அவர் பதவியில் நீடித்தார். படை நீதிமன்றம் கர்னலை விடுவித்தது. லெப்டினன்டும் மேல்முறையீட்டில் விடுதலையானான். போர் மூள எட்டு மாதமே இருந்த நேரம் அது. படையதிகாரியிடம் கணக்குக் கேட்க நாட்டில் எவருக்கும் அதிகாரமில்லை என்பது அன்று ஊரறிய உறுதியாயிற்று.

இனி 1914 ஜூலை. இங்கே என் வாதத்துக்கு ஒரு தடை இருப்பதைச் சொல்லியாக வேண்டும். ஜூலை 5, 6 தேதிகளில் ஆஸ்திரியாவுக்கு எல்லையற்ற ஆதரவை வாக்களித்தவர்கள் கைசரும் சான்சலரும். எந்தத் தளபதியும் அவர்கள் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. ஆனால் பெத்மனை அந்த முடிவுக்குத் தள்ளியது எது? ருஷ்யாவின் படைப்பெருக்கம் 1917இல் முடிந்துவிடும், அதன்பின் வெல்ல முடியாது என்ற கணக்கு. அது தலைமைப் படைப்பணியகத்தில் போட்ட கணக்கு. சீருடை அணியாதவரும் தளபதியின் நாள்காட்டியை வைத்துக்கொண்டு சிந்திக்கத் தொடங்கிய நிலையைத்தான் நான் இராணுவவாதம் என்கிறேன்.

ஆகஸ்ட் 1 மாலை நடந்தது இதற்குச் சான்று. பிரான்ஸ் போரில் சேராமல் பிரிட்டன் பார்த்துக்கொள்ளக்கூடும் என்று லண்டனிலிருந்த ஜெர்மன் தூதரிடமிருந்து தந்தி வந்தது. அப்படியானால் படையனைத்தையும் கிழக்கே திருப்பலாம் என்றார் கைசர். முடியாது என்றார் பணியகத் தலைவர் மோல்ட்கே. ஓராண்டு உழைப்பில் வகுத்த ரயில் ஏற்பாட்டைக் கலைத்தால் உணவும் ஒழுங்குமற்ற ஆயுதக் கும்பல்தான் மிஞ்சும் என்பது அவர் பதில். கிழக்கில் மட்டும் போரிடும் திட்டத்தைப் பணியகம் 1913 வசந்தத்திலேயே கைவிட்டிருந்தது. அரசியல் தலைமைக்கு வேறு வழியே வைக்கப்படவில்லை. தந்தி தவறான புரிதல் என்று அன்றிரவே தெரிந்தது. மோல்ட்கே தன் வழியில் போனார். பிற நாடுகளின் படைத்திரட்டில் எல்லையில் நின்று காத்திருக்க இடமுண்டு. ஜெர்மன் திட்டத்தில் தொடக்க நாள்களிலேயே பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளைப் பிடித்தாக வேண்டும்; படைத்திரட்டே போர்.

போரில் ஜெர்மனியின் பொறுப்பு பற்றி வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961இல் வெளியிட்ட நூலால் ஜெர்மானிய அறிவுலகமே கொந்தளித்தது. 1964இல் அவருடைய அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்துக்கான அரசு நிதி நிறுத்தப்பட்டது. அவருடைய துணிவுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆயினும் அவர் முன்வைத்த, சான்சலரின் 1914 செப்டம்பர் 9ஆம் தேதிப் போர்நோக்கக் குறிப்பு, போர் தொடங்கியபின் எழுந்த பேராசைக்குச் சான்றே தவிர, போர் அதற்காகவே தொடங்கப்பட்டது என்பதற்கு ஆகாது. மறுபுறம், தலைவர்கள் தூக்கத்தில் நடந்து போருக்குள் விழுந்தார்கள் என்று 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க் தீட்டிய படிமத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. பெர்லினில் இருந்தவர்கள் விழித்திருந்தார்கள். ஆபத்தைத் தெரிந்தே ஏற்றார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரஷ்யப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுகளில் எரிந்துபோயிற்று. பெல்ஜியம் வழியாகத் தாக்கும் ஷ்லீஃபென் திட்டம் பற்றிய சண்டை இன்னும் ஓயாததற்கு அதுவும் ஒரு காரணம். எஞ்சிய தாள் சொல்வதற்கு மேல் சொல்லும் ஆய்வாளரை, நான் உட்பட, இந்த அவையிலேயே தடுத்து நிறுத்துங்கள்.

முதல் கட்டுரை ஜூலை 30 அன்று ருஷ்யா அறிவித்த பொதுப் படைத்திரட்டு பற்றியது. நான் இங்கே ஜெர்மனி மீது வைத்த பொறுப்பில் கணிசமான பங்கை அது பீட்டர்ஸ்பர்க் பக்கம் நகர்த்துகிறது. அதனால்தான் அதை முதலில் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.