புறப்படுமுன் நம்மையும் கொஞ்சம் சோதித்துக்கொள்வோம்

(வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்காக நம் சங்கத்தின் செம்பூர் கிளையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விசா, வங்கிக் கடன் பற்றியெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் விஷயத்தில் மாமிகளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது கொஞ்சம் வெட்கப்படக்கூடிய விஷயம். என் பேரனே இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கப் போகிறான்.

1984-ல் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போனேன். தங்கிய வீட்டில் ஐந்து மாணவர்களுக்கு ஒரே சமையலறை. முதல் நாளே என் வாணலி, கரண்டி, குக்கர் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்டில் அடையாளம் வைத்தேன். எதிர் அறையில் லாகோஸிலிருந்து வந்த நைஜீரிய மாணவர். உலர்ந்த மீன் போட்டுக் குழம்பு வைப்பார். ஒருநாள் என் வாணலியைக் கேட்டார். "நான் சைவம், தர முடியாது" என்றேன். அவரும் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் எனக்கு விடுவார்.

இரண்டு வாரம் கழித்து, உடன் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கேட்காமலேயே அதே வாணலியை எடுத்துப் பன்றி இறைச்சி வறுத்தான். நான் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சிரித்தேன். நைஜீரியர் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி என் கதவைத் தட்டி, கோபமே இல்லாமல் கேட்டார்: "அன்றைக்கு மீன்தான் காரணமா?"

எனக்கு வாயே திறக்கவில்லை. சைவம் பொய்யில்லை; இன்றுவரை நான் சைவம்தான். ஆனால் வெள்ளைக்காரனிடம் அந்த ஆசாரம் எங்கே போயிற்று? நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, நிறம் எப்படி என்பது. வரன் விளம்பரத்திலும் அதுவே. அந்தச் சரக்கை நானும் கூடவே கொண்டு போயிருக்கிறேன்.

1888-ல் காந்தி லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டபோது இதே பம்பாயில் அவருடைய ஜாதிப் பெரியவர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்ற பயம். இப்போது அது போவதாகத் தெரியவில்லை. புதிதாக வந்த இந்திய மாணவனிடம் "முழுப் பெயர் என்ன, சொந்த ஊர் எது, வீட்டில் சைவமா" என்று நம் பிள்ளைகளே சுற்றி வளைத்து விசாரிக்கிறார்கள். எதற்கு என்று பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் ஜாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். நம்மைக் குறிவைக்கிறார்கள் என்று இந்தச் சபையிலேயே சிலருக்கு வருத்தம். சட்டத்தைப் பற்றி வாதம் செய்யலாம். அந்த விசாரணை நடப்பதில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது, நானே செய்திருக்கிறேன்.

குழந்தைகளே, யாரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். அதே காரணத்தை ஒரு வெள்ளைக்காரரிடமும் சொல்வீர்களா என்று பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். ஆசாரத்தை விடச் சொல்லவில்லை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன் தன் கையால் சமைத்துத்தானே சாப்பிட்டார்!

அந்த வாணலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலை தேய்த்து எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனேன். "ரொம்ப நன்றி, நான் ஒன்று வாங்கிவிட்டேன்" என்றார்.